பிடித்த பாடமா, சம்பளம் தரும் பாடமா?

பள்ளியை முடிக்கப்போகும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எனக்கு வரலாறு என்றால் உயிர். கணக்கும் நன்றாகவே வரும். வீட்டில் கணினி அறிவியல் எடு, வேலைக்குக் கவலை இல்லை என்கிறார்கள். பிடித்ததைப் படி, பணம் தானாகப் பின்னால் வரும் என்கிறார் என் ஆசிரியர். முதலில் சம்பாதி, ஆர்வத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சேரும் நாளில் பார்த்த பிள்ளைகளே பத்து வருடம் கழித்து வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஆர்வம். பதினேழு வயதில் "எனக்கு இது உயிர்" என்று சொல்லும்போது நாம் மனதில் வைத்திருப்பது பள்ளிப் பாடத்தை. அது நம்மிடம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் கதைபோலச் சொல்லியிருப்பார், மதிப்பெண் நன்றாக வந்திருக்கும், நான்கு பேர் பாராட்டியிருப்பார்கள். அந்த ஆர்வத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கல்லூரியில் வரலாறு வேறு முகம் காட்டும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று ஆவணங்கள் மூன்று விதமாகச் சொல்லும். எதை எவ்வளவு நம்பலாம் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். பழைய வரிக் கணக்குகளையும் நிலப் பதிவுகளையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அதற்காகவே இன்னொரு மொழியைக் கற்க வேண்டி வரலாம். கதை கேட்டபோது இருந்த சுகம் இதில் கிடைக்காது. வேறொரு சுகம் உண்டு, அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கணினியும் அப்படித்தான். சின்ன விளையாட்டு ஒன்றை எழுதிப் பார்த்து மகிழ்ந்த பிள்ளை, மூன்றாம் செமஸ்டரில் கணித நிரூபணம் எழுதும்போது திகைத்து நிற்கிறது. யாரோ எழுதிவைத்த ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் ஒரே ஒரு பிழையைத் தேடி இரவு முழுக்க உட்காரும்போது "இதற்காகவா வந்தேன்" என்று கேட்கிறது.

ஒரு துறையை ரசிப்பது வேறு, அதில் வேலை செய்வது வேறு. சினிமா பார்க்க எல்லோருக்கும் பிடிக்கும். ஒரே காட்சியை நாற்பது முறை ஓட்டிப் பார்த்து எங்கே வெட்டுவது என்று யோசிக்கச் சிலருக்குத்தான் பிடிக்கும். "பிடிக்கும்" என்று நீங்கள் சொல்லும்போது அது இந்த இரண்டில் எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

ஆர்வத்தைப் பற்றி உளவியலில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்டது. ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பும் மாணவர்கள் ஒரு பக்கம். ஆர்வம் பழகப் பழக வளர்வது என்று நம்பும் மாணவர்கள் மறுபக்கம். ஒரு சோதனையில் எல்லோருக்கும் கருந்துளைகளைப் பற்றிய எளிமையான, சுவையான காணொளி ஒன்றைக் காட்டினார்கள். எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். அடுத்து அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களின் ஆர்வம் மற்றவர்களுடையதைவிட அதிகமாகச் சரிந்தது. உண்மையிலேயே நமக்குரிய துறை என்றால் சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். கடினமானதும் "இது எனக்கானது இல்லை போலிருக்கிறது" என்று விலகிவிடுகிறோம்.

வகுப்பறையில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதல் வருடம் கண்கள் மின்னப் பேசிய பிள்ளை இரண்டாம் வருடம் வாடிப்போயிருக்கும். வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த இன்னொரு பிள்ளை ஏதோ ஒரு கணக்கைத் தானாகவே போட்டு முடித்த நாளிலிருந்து அதிலேயே ஊறிப்போயிருக்கும். ஆர்வம் முதலில் வெளியிலிருந்து தூண்டப்படுகிறது, பிறகு சூழலால் தக்கவைக்கப்படுகிறது, அப்புறம்தான் மெல்ல மெல்ல நமக்குள் வேர்விடுகிறது என்று சூசன் ஹிடியும் ஆன் ரெனிங்கரும் 2006-ல் நான்கு கட்டங்களாக விளக்கினார்கள். பள்ளி முடிக்கும் வயதில் பெரும்பாலோர் முதல் இரண்டு கட்டங்களில்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. அந்த நிலையில் "என் வாழ்நாள் ஆர்வம் எது" என்று முடிவுசெய்யச் சொல்வது பெரிய பாரம். அது இன்னும் தெரியவில்லையே என்று அழும் பிள்ளைகளிடம், தெரியாமல் இருப்பதுதான் இயல்பு என்று நான் அழுத்திச் சொல்வேன்.

சரி, பணத்துக்கு வருவோம். "பிடித்ததைப் படி, பணம் தானாக வரும்" என்பதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. சொல்பவர் அன்பால்தான் சொல்கிறார். ஆனால் எந்தத் துறையைப் படிக்கிறோம் என்பது வருமானத்தைப் பெரிய அளவில் மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. நார்வேயில் கல்லூரிச் சேர்க்கை ஒரே மையத்தின் வழியாக நடக்கிறது. மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அப்படி ஒப்பிட்ட கிர்க்கபோன், லூவன், மோக்ஸ்டாட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2016-ல் சொன்னது இதுதான்: எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தத் துறை என்பதே வருமானத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. கல்லூரியின் பெயருக்காகத் துறையை விட்டுக்கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில், தொடக்கப் பாடங்களில் நான்குக்கு 2.8 என்ற சராசரி மதிப்பெண்ணை எட்டியவர்களைத்தான் பொருளியலில் சேர்ப்பது என்று ஒரு விதி இருந்தது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் நின்ற மாணவர்களுக்குள் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பொருளியலில் இடம் கிடைத்தவர்கள் வேலையின் தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய 46 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள் என்று சகாரி ப்ளீமரும் ஆஷிஷ் மேத்தாவும் கண்டார்கள். அந்த வித்தியாசத்தில் சுமார் பாதி, அவர்கள் போய்ச் சேர்ந்த தொழில்துறைகளால் வந்தது. படிப்பு நம் மூளையை மட்டும் மாற்றுவதில்லை, எந்த வாசலில் போய் நிற்கிறோம் என்பதையும் மாற்றுகிறது. ஆக, பணம் தானாக வராது, துறைக்குத் துறை வேறுபடும். இந்த அளவில் மாமா சொல்வது சரி.

ஆனால் மாமா பார்ப்பது இன்றைய சம்பளப் பட்டியலை. நீங்கள் வேலைக்குப் போவது நான்கு வருடம் கழித்து. இந்த இடைவெளியில் நடப்பதை ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளியலாளர் 1970-களிலேயே பொறியாளர்களை வைத்து விளக்கினார். ஒரு துறையில் சம்பளம் ஏறுகிறது. அதைப் பார்த்துப் பெரிய கூட்டம் அந்தப் படிப்பில் சேர்கிறது. நான்கைந்து வருடம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள், சம்பளம் இறங்குகிறது. இறங்கியதைப் பார்த்து அடுத்த கூட்டம் ஒதுங்குகிறது, பிறகு ஆள் பற்றாக்குறை வந்து மறுபடியும் சம்பளம் ஏறுகிறது. அமெரிக்காவில் 2000-ஐ ஒட்டி இணைய நிறுவனங்களின் பங்கு விலை அளவுக்கு மீறி ஊதிப் பெருத்துச் சரிந்த பிறகு கணினி அறிவியலில் சேர்பவர்கள் சில ஆண்டுகளில் பாதியளவுக்குக் குறைந்தார்கள். வேலை இல்லாத துறை என்று எல்லோரும் ஒதுங்கிய அந்தச் சமயத்தில் துணிந்து சேர்ந்தவர்களுக்குப் பின்னால் காலம் நன்றாகவே அமைந்தது. பெட்ரோலியப் பொறியியலில் தலைகீழாக நடந்தது. எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2014-ன் நடுவில் இறங்கத் தொடங்கிய விலை 2016-ன் தொடக்கத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கு வந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் பட்டத்தோடு வெளியே வந்தது அந்த நேரத்தில். அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, திறமையில் குறைந்தவர்களும் இல்லை.

தொடக்கச் சம்பளத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கணினி, பொறியியல் போன்ற படிப்புகள் முதல் வேலையிலேயே நல்ல சம்பளம் தருகின்றன. ஆனால் அந்த முன்னிலை முதல் பத்தாண்டுகளில் பாதிக்கும் மேல் கரைந்துபோகிறது என்று டேவிட் டெமிங்கும் கதீம் நோரேயும் 2020-ல் காட்டினார்கள். அந்தத் துறைகளில் கருவிகளும் மொழிகளும் வேகமாக மாறுகின்றன. படித்தது பழசாகிவிடுகிறது, புதிதாகப் படித்தவர்கள் வந்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டே இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. பட்டம் வாங்கியதோடு முடிந்தது என்று நினைப்பவருக்குப் பெரிய பிரச்சினை. வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த துறையில் நாற்பது வயதிலும் மாலை நேரத்தில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைப் படிக்க மனம் வருமா? பணத்துக்காக மட்டும் சேர்பவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான்.

எனவே நான் மாணவர்களிடம் கேட்கும் கேள்வியையே மாற்றிவிட்டேன். "உனக்கு எது பிடிக்கும்" என்றோ "எதில் சம்பளம் அதிகம்" என்றோ கேட்பதில்லை. எந்தப் பாடத்தின் சலிப்பான பகுதியை உன்னால் தாங்க முடிகிறது என்று கேட்கிறேன். எல்லாத் துறைக்கும் சலிப்பான பகுதி உண்டு, பெரும்பாலான நேரம் அதில்தான் போகிறது. அதைத் தாங்கிக் கடப்பவர்கள் தேறுகிறார்கள். தேறத் தேற ஆர்வம் கூடுகிறது, பணமும் பெரும்பாலும் தேறியவர்களைத் தேடித்தான் போகிறது. எந்தத் துறையை எடுத்தாலும் அதன் சராசரிச் சம்பளத்துக்கு மேலும் கீழும் பரந்த வெளி இருக்கிறது. இலக்கியம் படித்து நன்றாகத் தேறியவர், அரைமனதோடு பொறியியல் முடித்தவரைவிட அதிகம் சம்பாதிப்பது அரிதான காட்சி இல்லை. முன்னே சொன்ன நார்வே ஆய்விலும் இதற்கு ஓர் ஆதாரம் உண்டு: மக்கள் பொதுவாகத் தங்களுக்கு ஒப்பீட்டளவில் நன்றாக வரும் துறைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள், வருமானமும் அதற்கு ஏற்பவே அமைகிறது. அடுத்தவருக்குப் பெரிய சம்பளம் தரும் படிப்பு உங்களுக்கும் அதையே தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது, பணம் உடனடித் தேவையாக இருப்பவர்களைப் பற்றி. கடன் இருக்கிறது, தம்பி தங்கை படிக்க வேண்டும், பெற்றோருக்கு உடல்நிலை சரியில்லை. இப்படிப்பட்ட பிள்ளை சம்பளத்தைப் பார்த்துத் துறையை எடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "ஆர்வத்தை விற்றுவிட்டாயே" என்று அவர்களிடம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு வருமான அளவுக்கு மேல் பணம் அன்றாட மகிழ்ச்சியைக் கூட்டுவதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-ல் எழுதியது உலகமெங்கும் பரவியது. 2023-ல் அதே கானமன், மாற்றுக் கருத்து கொண்டிருந்த மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தோடு சேர்ந்து தரவுகளைத் திரும்பப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவைத் தாண்டியும் மகிழ்ச்சி கூடுகிறது என்று திருத்தினார். பணம் முக்கியமில்லை என்று பணம் இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாது.

அவர்களுக்கு நான் சொல்வது, மாதம் எவ்வளவு வந்தால் வீட்டுக் கவலை தீரும் என்று முதலில் ஒரு தொகையை எழுதுங்கள் என்பதுதான். இருப்பதிலேயே அதிகச் சம்பளம் தரும் படிப்பைத் தேட வேண்டாம். அந்தத் தொகையை ஓரளவு உறுதியாகத் தரக்கூடிய படிப்புகள் எவை என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் ஆறேழு படிப்புகள் தேறும். அந்த ஆறேழுக்குள் எதன் சலிப்பைத் தாங்க முடியும் என்று தேர்ந்தெடுங்கள்.

வேலை பிடிப்பது துறையால் மட்டும் வருவதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்வேன். எமி ரெஸ்னெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் 196 பணியாளர்களைக் கேட்டபோது, தங்கள் வேலையை வெறும் பிழைப்பாகப் பார்ப்பவர்கள், முன்னேறும் ஏணியாகப் பார்ப்பவர்கள், வாழ்வின் அழைப்பாகப் பார்ப்பவர்கள் என்று ஏறக்குறைய சரி மூன்றாகப் பிரிந்தார்கள். ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலையில் இருந்த 24 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் அதே மூன்று பிரிவு. வேலையில் கொஞ்சம் சுதந்திரம், கை தேர்ந்துவிட்டது என்ற உணர்வு, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருப்பது, இவை சேர்ந்தால் பதினேழு வயதில் நினைத்தே பார்த்திராத வேலைகூட மனதுக்குப் பிடித்துப்போகும்.

மாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேனியல் கில்பர்ட் உள்ளிட்ட மூவர் 2013-ல் 19,000-க்கும் அதிகமானவர்களிடம் நடத்திய ஆய்வில், எல்லா வயதினரும் கடந்த பத்தாண்டில் தாங்கள் நிறைய மாறியதாகவும் இனிமேல் அவ்வளவு மாறப்போவதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டாவது கணிப்பு தவறு. மாற்றம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வருகிறது. ஆகவே கதவுகளை மூடாத படிப்பு எது என்று பாருங்கள். மருத்துவம், செவிலியம், கட்டடக்கலை போன்றவற்றுக்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்கு அதே படிப்பு வேண்டும். அவற்றைப் பின்னால் வந்து பிடிப்பது கடினம், செலவும் அதிகம். எழுதுவதற்கும் தொழில் நடத்துவதற்கும் மென்பொருள் எழுதுவதற்கும் குறிப்பிட்ட பட்டம் கட்டாயமில்லை. இரண்டு ஆசைகள் போட்டியிட்டால், பட்டம் இல்லாமல் நுழையவே முடியாததைக் கல்லூரியில் படியுங்கள், மற்றதைப் பக்கத்தில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். "கணக்கும் நன்றாகவே வரும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரி. வரலாறு நேசிப்பவர்கள் நிறையப் பேர், கணக்கு வருபவர்களும் நிறையப் பேர், இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் குறைவு. 2023-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் செய்தது என்ன தெரியுமா? பழைய ஆவணங்களைத் தோண்டி, இருநூறு ஆண்டு காலத்தில் அமெரிக்கப் பெண்களின் வேலையும் சம்பளமும் எப்படி மாறின என்பதை எண்களாக எழுப்பிக் காட்டினார். அவர் சிறு வயதில் தொல்லியல் படிக்க நினைத்தவர், பிறகு நுண்ணுயிரியல் என்று மனம் மாறினார், அந்த எண்ணத்தோடுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆல்ஃபிரட் கான் நடத்திய பொருளியல் வகுப்பு அவரைத் திருப்பிவிட்டது. கடைசியில் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் ஒருவகைத் தோண்டுதல்தான்.

என்னைக் கேட்டால், வீட்டில் பணத் தேவை அவசரமாக இருந்தால் புள்ளியியலையோ கணினியையோ முதன்மையாக எடுத்து வரலாற்றைத் துணைப் பாடமாகப் படியுங்கள். அவசரம் இல்லையென்றால், வரலாற்றின் சலிப்பான பகுதி உங்களுக்குப் பொறுக்கிறது என்று தெரிந்தபிறகு அதையே எடுங்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் புள்ளியியல், தரவு சார்ந்த ஒரு பாடத்தையாவது கூடவே முடியுங்கள். வரலாறு மட்டும் படித்துவிட்டுக் கணக்கைத் துருப்பிடிக்க விட்டால் உங்களிடம் இருக்கும் அரிதான பொருளை நீங்களே வீணாக்குகிறீர்கள்.

பொறுக்கிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி? ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை மூன்றாம் ஆண்டில் படிக்கச் சொல்லும் நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ எடுத்து முப்பது பக்கம் படியுங்கள். கணினித் துறையின் இரண்டாம் ஆண்டு வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். விடை தெரிய வேண்டாம், கேள்விகளோடு இருக்க மனம் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் அந்தந்தப் படிப்பை முடித்து ஐந்து வருடம் ஆன இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "வேலை பிடித்திருக்கிறதா" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். அந்த நாள் உங்களுடையதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வீட்டில் பேசும்போது "எனக்குப் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுடைய பயம் உங்கள் ஆசையைப் பற்றியது இல்லை, நீங்கள் கஷ்டப்படுவீர்களோ என்பதைப் பற்றியது. அதனால் அந்தப் பயத்துக்கே பதில் கொண்டுபோங்கள்: இந்தப் படிப்புக்குப் பிறகு போகக்கூடிய நான்கு வேலைகள், நான் பேசிப் பார்த்த இரண்டு பேர், கூடவே நான் கற்கப்போகும் திறன், இரண்டாம் ஆண்டு முடிவில் சரிவரவில்லை என்றால் மாறுவதற்கு இருக்கும் வழி. இதை ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதவே முடியவில்லை என்றால் நீங்களும் இன்னும் தயாராகவில்லை என்று பொருள், தேடலைக் கொஞ்சம் தொடருங்கள். அந்த வினாத்தாளை மட்டும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கிவிட்டால் அமைதியாக உட்கார்ந்து அதைப் பார்க்க நேரம் கிடைக்காது.